பெற்றவள் கண்

பிள்ளை என் இடது பக்கம் படுத்திருக்கிறான். பார்த்துச் சொல்லவில்லை. முழங்கை மடிப்பில் ஒரு சூடு இருக்கிறது, மூச்சுக்கு மூச்சு அது கொஞ்சம் ஏறி இறங்குகிறது, அதை வைத்துச் சொல்கிறேன். நான் பார்த்துக்கொண்டிருப்பது மேலே சுற்றும் ஃபேனை. கரண்டு போய் அது நிற்கும்போதெல்லாம் ஒரு இறக்கையில் மட்டும் ஏன் அவ்வளவு ஒட்டடை என்று யோசிப்பேன். ஃபேன் அலுத்தால் ஜன்னலில் கட்டியிருக்கும் பச்சைத் துணி. வெயில் அதன் வழியாக வந்து கட்டில், சுவர், என் கை எல்லாவற்றையும் குளத்துக்கு அடியில் கிடப்பது மாதிரி ஆக்கிவிடுகிறது. அதுவும் அலுத்தால் கண்ணை மூடிக்கொள்வேன். இந்தப் பெரியாஸ்பத்திரியின் பிரசவ வார்டில் பார்ப்பதற்கு எத்தனையோ இருக்கிறது, என் பிள்ளையின் முகத்தை மட்டும் நான் இன்னும் பார்க்கவில்லை. பெற்று நாள் மூன்றாகிறது. வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள், அதனால் சொல்லவில்லை. பால் கொடுக்கும்போது முந்தானையை மேலே இழுத்துப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன், கூச்சக்காரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஈரத்துணியைக் கையால் தடவித் தடவி மாற்றுகிறேன், தையல் வலியில் குனிய முடியவில்லை போலிருக்கிறது என்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஊரார் கையில் ஒரு காரணம் தயாராக இருக்கிறது, நாம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துக் கிடந்தபோது, ஒரு நர்ஸ் பிள்ளையைத் தூக்கி எனக்கு நேரே காட்டினாள். "என்ன குழந்தைன்னு நீயே பார்த்துச் சொல்லும்மா." அப்படித்தான் கேட்பார்களாம், பிள்ளையை மாற்றிவிட்டார்கள் என்று பின்னால் யாரும் சண்டைக்கு வரக்கூடாதாம். நான் எதைப் பார்க்க வேண்டுமோ அதை மட்டும் பார்த்து "பையன்" என்றேன். அதற்கு மேலே கண்ணை ஏற்றவில்லை. "மொகத்தப் பாரும்மா, எப்படி முழிக்கிறான் பாரு" என்று அவள் சிரித்தாள். நான் தலைக்கு மேலே இருந்த பெரிய விளக்கைப் பார்த்தேன். கண் கூசி நீர் வந்தது, சந்தோசத்தில் அழுகிறேன் என்று அவளும் ஒரு காரணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். என் மூத்தவள் பாப்பாவை நான் இப்படியா பார்த்தேன். பாப்பா என்றுதான் கூப்பிட்டோம், பேர் வைக்க நல்ல நாள் தேடிக்கொண்டிருந்தார்கள். அவளை நான் பார்த்த பார்வைக்கு அளவே கிடையாது. அடுப்பில் பால் பொங்கி வழிவது தெரியாமல் பார்த்தேன். தூக்கத்தில் அவள் உதடு தானாகச் சப்புவதை, இமையில் ஓடும் ஒரு மெல்லிய நரம்பை, வலது காது மடல் மட்டும் கொஞ்சம் மடங்கியிருப்பதைப் பார்த்தேன். சாப்பிடக் கூப்பிட்டால் இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பார்த்தேன். அத்தை, என் மாமியார், வாசலில் நின்று சிரிப்பாள். "ஏட்டி கனி, கண்ணக் கொஞ்சம் அங்கிட்டு எடு. பிள்ளை மூச்சு விடட்டும்." கேலியாகத்தான் சொன்னாள். மூச்சு என்ற சொல்லை அவள் அன்றைக்குச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஒரு நாள் நான் கண் விழித்தபோது பாப்பா குளிர்ந்துபோயிருந்தாள். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, அழுததுகூட இல்லை. சில குழந்தைகளுக்கு இப்படி ஆகிவிடும், காரணம் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவர் காரணம் சொல்லாமல் விட்டுப்போன இடத்தில் அத்தை வந்து உட்கார்ந்துகொண்டாள். சாவு வீடு என்று துட்டி கேட்க வந்த ஒவ்வொருத்தியிடமும் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள். "பெத்தவ கண்ணுதான் பட்டுட்டு. எப்பம் பாத்தாலும் அந்த மொகத்தையே பாத்துக்கிட்டுக் கெடந்தா. ஊர்க்கண்ணுக்குச் சுத்திப் போடலாம். பெத்தவ கண்ணுக்கு என்னத்தச் சுத்திப் போட?" என்னைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை, அதுதான் கஷ்டம். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். நான் உள் அறையில் இருந்தேன். பால் வற்றுவதற்காக மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டியிருந்தார்கள். கல்யாண வீட்டு வாசம் அந்த அறை முழுக்க அடித்தது. இப்போதும் யாராவது தலையில் பூ வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தால் எனக்கு மார்பு நோகும்.

நான் பன்னிரண்டு வரை படித்தவள். கண் படும் என்றும் பேசுவேன், கண்ணாவது படுவதாவது என்றும் பேசுவேன், இரண்டு பக்கமும் என்னிடம் ஆள் இருக்கிறது. பாப்பாவுக்கு அடுத்தது வயிற்றில் ஆறாம் மாதம் வரைக்கும் இருந்துவிட்டுப் போய்விட்டது. அதை நான் பார்க்கவே இல்லையே, அப்படியும் போயிற்றே, அப்படியானால் கண்ணுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை என்று உள்ளே ஒருத்தி சொல்வாள். ஸ்கேனில் பார்த்தாயே என்பாள் அடுத்தவள். கறுப்பும் வெள்ளையுமாக ஒரு புகை மாதிரி தெரிந்ததே, டாக்டரம்மா இதுதான் தலை, இதுதான் கை என்று காட்டினார்களே, நீ கழுத்தை நீட்டி நீட்டிப் பார்க்கவில்லையா. ஆமாம், பார்த்தேன். அதனால் இந்தத் தடவை ஸ்கேன் எடுக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டேன். வலிக்குதாம்மா என்று கேட்டார்கள், ஆமாம் என்றேன். மூடிக்கொண்டே வந்ததில் இவன் இந்தக் கட்டில் வரைக்கும் வந்துவிட்டான். இப்போது எப்படித் திறப்பது. திறந்து ஏதாவது ஆகிவிட்டால், அதை எந்தப் பக்கத்து ஆளிடம் போய்ச் சொல்வது. நேற்று என் வீட்டுக்காரர் லிங்கதுரை வெல்டிங் பட்டறையிலிருந்து நேராக வந்து, பிள்ளையைத் தொடுவதற்குப் பயந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று, பிறகு செல்லில் ஒரு போட்டோ எடுத்து எனக்கும் அனுப்பிவைத்தார். பக்கத்திலேயே படுத்திருக்கும் பிள்ளையின் போட்டோவை எனக்கு எதற்கு அனுப்புகிறார் என்று அவருக்கே தெரியாது, எல்லோருக்கும் அனுப்பினார், எனக்கும் வந்துவிட்டது. அது இன்னும் தெளிவாகாமல் மங்கலாகவே செல்லுக்குள் கிடக்கிறது. விரலால் ஒரு தட்டுத் தட்டினால் தெளிந்துவிடும். போட்டோவில் பார்த்தால் கண் படுமா என்று யாரிடம் கேட்பது. செல்லைத் தலையணைக்குக் கீழே குப்புற வைத்திருக்கிறேன். சில சமயம் டிங் என்று சத்தம் கேட்டால் பிள்ளைதான் கூப்பிடுகிறான் என்று தோன்றும்.

இன்றைக்குச் சாயங்காலம் பார்க்க விடும் நேரத்தில் அத்தை தவிடு கொண்டுவருவாள். தவிட்டுக்குக் கொடுக்கப் போகிறார்கள். எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் தங்காத வீட்டில் செய்வதுதான். பெற்றவள் பிள்ளையை வேறொருத்திக்கு விற்றுவிட வேண்டும், விலை ஒரு படி தவிடு. மாட்டுக்குப் போடுகிற தவிட்டுக்கு விற்கிற அளவுக்கு இது ஒன்றுக்கும் ஆகாத பிள்ளை என்று தெரிந்தால், எடுத்துப்போக வருகிறது எதுவோ அது திரும்பிப் போய்விடுமாம். வாங்கினவள் அப்புறம், என் பிள்ளையை நீயே வளர்த்துக் கொடு என்று திருப்பிக் கொடுப்பாள். அதோடு அது அவள் பிள்ளை, நான் வளர்க்கிறவள் மட்டும். விற்கும்போது மூன்று தடவை சொல்ல வேண்டும், இது என் பிள்ளை இல்லை, இது என் பிள்ளை இல்லை, இது என் பிள்ளை இல்லை. அத்தைக்கு இதில் ஒரு சந்தேகமும் கிடையாது. அவளுடைய தம்பியே தவிட்டுக்குக் கொடுத்த பிள்ளைதான், அறுபது வயசில் இன்றைக்கும் பனை ஏறுகிறார். நேற்றுச் சொல்லிவிட்டுப் போனாள், "நீ வாயத் தொறந்து நல்லா வெளிய கேக்க மாதிரி சொல்லணும். முணுமுணுன்னு சொன்னா பலிக்காது." யாரிடம் விற்பது என்று கேட்டதற்கு எதிர்க் கட்டிலைக் காட்டினாள். அங்கே சகாயமேரி அக்கா இருக்கிறாள். கடற்கரைக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். இவளுக்கு இது நாலாவது, நாலும் சுகமாக இருக்கிறது, முந்தின மூன்றும் கேட்டுக்கு வெளியே நின்று அம்மா என்று கத்துவது இங்கே கேட்கும். பிள்ளை தங்குகிற கை என்று அத்தை அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். "நா வேதக்காரில்லா, பரவாயில்லையாக்கா?" என்று கேட்டாள் சகாயமேரி. "அதுதாம்மா நல்லது, வேத்து வீட்டுப் பிள்ளைன்னு பட்டுன்னு ஆயிரும்" என்றாள் அத்தை. "சரி, குடுங்க, எனக்கென்ன. நாலோட அஞ்சு. எங்க வீட்டுக்காரர் கடல்ல இருந்து வந்து எண்ணிப் பாத்துட்டு மயங்கி விழட்டும்" என்று அவள் சொன்னதில் வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன், தையல் இழுத்தது.

எனக்குப் பயம் தவிட்டைப் பற்றி இல்லை. அந்த மூன்று வாக்கியத்தைப் பற்றி. அது எனக்குச் சுலபமாக வந்துவிடுமோ என்று பயம். மற்றவள் என்றால் சொல்லும்போது கண்ணீர் வரும், பொய்யைப் பொய் என்று தெரிந்து சொல்வாள். நான் இந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து எனக்குள் அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பயந்துதான் பார்க்காமல் இருக்கிறேன் என்று ஒரு நேரம் தோன்றுகிறது. பிடிக்காமல்தான் பார்க்கவில்லை, பயம் என்று அதற்கு ஒரு நல்ல சேலையைச் சுற்றி வைத்திருக்கிறேன் என்று அடுத்த நேரம் தோன்றுகிறது. அழுதால் எடுக்கிறேன், வாயில் வைத்தால் பால் வருகிறது. மார்புக்குத் தெரிகிறது, கைக்குத் தெரிகிறது. காலின் சின்ன விரல் அடுத்த விரலுக்குக் கீழே ஒதுங்கியிருப்பது வரைக்கும் கைக்குத் தெரியும். எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. பாப்பாவை முதன்முதலில் கையில் வாங்கியபோது உள்ளே என்னவோ குடம் கவிழ்ந்த மாதிரி இருந்ததே, அது எங்கே. இவனுக்கு ஏன் கவிழவில்லை. குடத்தில் தண்ணீரே இல்லையா. இல்லை என்றால் இவனை நான் எப்படி வளர்ப்பேன், பள்ளிக்கூடத்துக்கு எப்படி அனுப்புவேன், காய்ச்சல் வந்தால் நெற்றியை எப்படித் தொடுவேன், முகத்தைப் பார்க்காமலே ஒரு பிள்ளைக்கு எப்படித் தலை சீவிவிடுவது. காலையில் சகாயமேரி என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏ பிள்ள, ஒனக்கு அவன் மேல கோவமா? அங்கன சொவத்தப் பாத்துக்கிட்டே பால் குடுக்கியே" என்றாள். "இல்லக்கா, கழுத்து வலி" என்றேன். "கழுத்து வலியா. சரி சரி" என்றாள். ஊரில் இவள் ஒருத்திதான் நான் தயாராக வைத்திருந்த காரணத்தை எடுத்துக்கொள்ளாமல் திருப்பிக் கொடுத்தவள். இன்றைக்கு மத்தியானத்திலிருந்து வேறு இவன் சரியாகப் பால் குடிக்கவில்லை. இரண்டு தடவை உறிஞ்சுகிறான், அப்படியே தூங்கிவிடுகிறான். உள்ளங்காலைச் சுண்டினால் முனகிவிட்டு மறுபடியும் தூக்கம். காலையில் அத்தை வந்து பார்த்தபோது, "தங்கமான பிள்ளை, அழவே மாட்டேங்கான். நெறத்தப் பாரு, எங்கய்யா நெறம், எலுமிச்சம்பழம் கணக்கா" என்று சொல்லிவிட்டு உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு மூன்று தடவை துப்பினாள். பாப்பாவும் தூங்கினாள். பாப்பாவும் அழவில்லை. அந்த நினைப்பு கிளம்பியதும் நான் கண்ணால் ஃபேனை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

மணி அடித்தது. பார்க்க வருகிறவர்களை விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். வார்டுக்குள் செருப்புச் சத்தமும் ஆரஞ்சுப் பழமும் ஃபிளாஸ்க்குமாக ஊரே நுழைந்தது. அத்தை தூக்குவாளியோடு வந்தாள், முகம் சிவந்திருந்தது. கேட்டில் நிற்கிற அம்மா வாளியைத் திறந்து பார்த்து, "இது என்ன, உள்ள மாடா பெத்துருக்கு?" என்று கேட்டாளாம். "பத்தியக் கஞ்சிக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன். வாங்க, வாங்க, நர்சு வாரதுக்குள்ள முடிச்சிருவோம்." எல்லாம் விறுவிறு என்று நடந்தது. சகாயமேரி தன் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து என் கட்டில் ஓரத்தில் நின்றாள். அத்தை தவிட்டை அவள் கையில் அள்ளிக் கொடுத்தாள், அவள் அதை என் மடியில் போட்டாள். ரைஸ்மில் பக்கம் போனால் வரும் வாசம், கொஞ்சம் இனிப்பாக, மூக்கில் தூசு ஏறுகிற மாதிரி. என் பக்கத்தில் இருந்த சூட்டை அத்தை எடுத்தாள். முழங்கை மடிப்பில் சட்டென்று ஃபேன் காற்றுப் பட்டது. "சொல்லு" என்றாள். சொன்னேன். இது என் பிள்ளை இல்லை. நன்றாக வெளியே கேட்டது. இரண்டாவதும் கேட்டது. மூன்றாவதைச் சொல்லும்போது குரல் உடையும் என்று காத்திருந்தேன், உடையவில்லை. ரேஷன் கடையில் பேர் சொல்வது மாதிரி சொல்லி முடித்தேன். பக்கத்துக் கட்டிலுக்கு வந்திருந்த ஒரு பெண் எனக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு வரவில்லை. மடியில் கிடந்த தவிட்டைப் பார்த்தேன். அப்படியென்றால் அதுதான் உண்மை, எனக்குள் ஒன்றும் இல்லை, நான் ஒரு படி தவிட்டுக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்துவிட்டு, சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அந்த நேரத்தில் எனக்கு வந்த பயம் சாவுப் பயத்தைவிட மோசமானது. நான் தாய் இல்லை என்று எனக்கே தெரிந்துவிட்ட பயம் அது.

சகாயமேரி உடனே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும், அதுதான் முறை. அத்தை கையைக்கூட நீட்டிவிட்டாள். ஆனால் அவள், "இருங்க, எம்பிள்ளைய நா நல்லாப் பாத்துக்கிடுதேன், வாங்கின பொருளப் பாக்காம இருப்பாவளா" என்று சொல்லிக்கொண்டு அவனை எடுத்துக்கொண்டு வராந்தா வாசலுக்குப் போனாள். அங்கே பச்சைத் துணி இல்லை, வெயில் நேராக விழும். நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முதுகு முதலில் ஆடிக்கொண்டிருந்தது, பிறகு ஆட்டம் நின்றது. அவள் குனிந்தாள். கட்டை விரலால் எதையோ அழுத்தி எடுத்துப் பார்த்தாள், மறுபடியும் அழுத்தினாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் கேலி இல்லை. "பிள்ளைக்கு மஞ்ச ஏறியிருக்கு. நெத்தி, மூக்கு, நெஞ்சு, வயிறு வரைக்கும். கண்ணு முழியும் மஞ்ச. எம்ரெண்டாவதுக்கு இப்படித்தான் வந்து லைட்டுல வச்சாவ. இவ்வளவு நேரமா யாரும் பாக்கலியா?" யாரும் பார்க்கவில்லை. அத்தை அய்யாவின் நிறத்தைப் பார்த்தாள், என் வீட்டுக்காரர் செல்லைப் பார்த்தார். காலையில் வந்த டாக்டர் என் தையலைப் பார்த்துவிட்டுப் பிள்ளை பால் குடிக்கிறானா என்று கேட்டார், குடிக்கிறான் என்றேன், குளத்தடி வெளிச்சத்தில் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பக்கத்திலேயே படுத்திருந்த நான் ஃபேனைப் பார்த்தேன். சகாயமேரி குரலை உயர்த்தி "சிஸ்டர்" என்று கூப்பிட்டாள். நர்ஸ் வந்தாள், பிள்ளையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள், அவளும் கட்டை விரலால் அழுத்தினாள், அவள் முகமும் மாறியது. "உடனே ரத்தம் எடுக்கணும், லைட்டுல போடணும். இந்தப் பிள்ளைக்கு அம்மா யாரு?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தையின் கை என் தோளை அழுத்தியது. சொல்லிவிடாதே என்று அர்த்தம். இப்போதுதானே விற்றோம், தவிடு இன்னும் மடியில் கிடக்கிறது, இந்த நேரத்தில் நீ தாய் என்று வாய் திறந்தால் எல்லாம் போய்விடும், இன்னும் கொஞ்ச நேரம் பொறு. சகாயமேரியும் அத்தையைப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்தது. வாங்கின வார்த்தையைக் காப்பாற்றுகிறவள் அவள். "நாந்தான் சிஸ்டர், நாந்தான் அம்மா" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள், என் பிள்ளை பிழைக்க வேண்டும் என்றுதான் சொன்னாள். எனக்குப் பொறுக்கவில்லை. எங்கிருந்து வந்தது அந்த ஆத்திரம் என்று தெரியாது, அடிவயிற்றுத் தையலுக்குக் கீழே இருந்து வந்தது. யாரடி நீ. பத்து மாதம் கண்ணை மூடிக்கொண்டு சுமந்தது யார், மூச்சுக்கூட எண்ணி விட்டது யார், அவனுடைய சின்ன விரல் எந்த விரலுக்குக் கீழே ஒதுங்கியிருக்கிறது என்று உனக்குத் தெரியுமா. "அவ இல்ல" என்றேன். குரல் இப்போதுதான் உடைந்தது. "அவ இல்ல சிஸ்டர். நாந்தான் பெத்தேன். எம்பிள்ளை. என் பேரு சண்முகக்கனி, எம்பிள்ளை அவன்." அத்தை "ஏ பாவி" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். நான் எழுந்தேன். மடியில் இருந்த தவிடு முழுக்கத் தரையில் கொட்டியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கூனிக்கொண்டு, நர்ஸுக்குப் பின்னால் நடந்தேன். என் காலடித் தடம் தவிட்டில் விழுந்திருக்கும், திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் அத்தை அழுகிற குரலும், "விடுங்கக்கா, பெத்தவ போகட்டும்" என்று சகாயமேரி சொல்வதும் கேட்டது. நடக்க நடக்கப் பயம் கூடவே வந்தது. சொல்லிவிட்டாய், மூன்று தடவை சொன்னதை ஒரே தடவையில் அழித்துவிட்டாய், இனி இவனுக்கு ஏதாவது ஆனால் அது கண்ணும் இல்லை விதியும் இல்லை, உன் வாய்தான். ஆனாலும் நடந்தேன்.

குழந்தைகள் அறையில் ஏசி குளிர்ந்தது. என்னை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். அவன் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தபோது முதன்முதலாகச் சத்தமாக அழுதான், எனக்கு இரண்டு மார்பும் நனைந்தது. அவனுடைய சட்டையைக் கழற்றி, கண்ணுக்கு மேலே ஒரு வெள்ளைத் துணிக் கட்டைக் கட்டி, ஒரு தொட்டியில் படுக்க வைத்து, மேலே நீல விளக்கைப் போட்டார்கள். "மஞ்சக்காமாலை, நெறைய பிள்ளைங்களுக்கு வர்றதுதான். இவனுக்குக் கொஞ்சம் கூடுதலா ஏறிடுச்சு, அதான் பால் குடிக்காமத் தூங்கியிருக்கான். ரிசல்ட் வரட்டும், பார்ப்போம்" என்றாள் அந்த அறையின் நர்ஸ். பிழைத்துவிடுவான் என்று சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. அவள் ஸ்டூலைத் தொட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். "எனக்கு இங்க பதினோரு பிள்ளை இருக்கு, ஒருத்தி எல்லாத்தையும் பார்க்க முடியாது. இவன் கால உதைச்சா இந்தக் கட்டு நழுவும். கீழ எறங்கி மூக்க மூடிடும். நீ இவன் மொகத்தையே பார்த்துக்கிட்டு இருக்கணும். பேச்சு, செல்லு எதுவும் கூடாது. கண்ணை எடுக்கவே கூடாது, புரியுதா?" வேறு யாராவது பார்த்தால் போதாதா, அத்தை வெளியே இருக்கிறாள், கூப்பிடட்டுமா என்று கேட்க வாய் வந்தது. கதவின் கண்ணாடி வழியாக அத்தை தெரிந்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் அசைத்து, பார்க்காதே பார்க்காதே என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளும் பாப்பாவைத் தூக்கி வளர்த்தவள்தான், அவளுடைய பயமும் பயம்தான். நர்ஸ் அடுத்த தொட்டிக்குப் போய்விட்டாள்.

புரிகிறது என்று சொல்லிவிட்டு நான் குனிந்தேன். நீல வெளிச்சத்தில் பாதி முகம்தான் தெரிந்தது. மேலே கட்டு, கீழே மூக்கும் வாயும் தாடையும். பாப்பா மாதிரி இல்லை. யார் மாதிரியும் இல்லை, அவன் மாதிரி இருந்தான். மேலுதட்டில் பால் குடித்த கொப்புளம் ஒன்று இருந்தது, நான் கொடுத்த பாலில் வந்தது, அது இருப்பது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. இந்தச் சின்ன வாயை மூன்று நாளாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு எப்படித் தட்டிக்கழித்தேன். உள்ளே குடம் எதுவும் கவிழவில்லை. பயம்தான் இருந்தது, ஏதாவது ஆகிவிடுமோ ஏதாவது ஆகிவிடுமோ என்று. பாப்பாவை அப்படிப் பார்த்தபோது இந்தப் பயம் எனக்கு ஒரு சொட்டுக்கூட இல்லை. ஒன்றும் தெரியாமல் சந்தோசமாகப் பார்த்தேன், அதற்கு மேல் அதில் ஒரு குற்றமும் இல்லை என்று இப்போது சொல்லலாம், ஆனால் அதைக் கேட்டுக்கொள்ள உள்ளே ஒருத்தியும் முன்வரவில்லை. போகட்டும். அவன் வாய் கோணி அழப் பார்த்தது, பிறகு மறந்துவிட்டது. கண்ணாடிக்கு வெளியே அத்தை இன்னும் நிற்கிறாளா என்று தெரியவில்லை, திரும்பவில்லை. அவன் ஒரு காலை நீட்டி உதைத்தான், அடுத்த காலையும் உதைத்தான். துணிக்கட்டு நெற்றியை விட்டு நகர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக மூக்கை நோக்கி இறங்கத் தொடங்கியது. அந்த அறையில் அதை வேறு யாரும் பார்க்கவில்லை. நான் தொட்டிக்குள் கையை விட்டு, மூக்கை எட்டுவதற்குள் அதை மேலே இழுத்துவிட்டேன்.